எந்தக் கால் முதலில்

அந்த ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவுப் பிரிவுக்குப் பின்னால், துணி துவைக்கும் அறைக்கும் ஜெனரேட்டர் அறைக்கும் நடுவில் ஒரு நீளமான கூடம் இருக்கிறது. வாரத்தில் மூன்று நாள் காலையில் அங்கே விழுந்து எழுந்தவர்களுக்கு வகுப்பு. குளியலறையில் விழுந்தவர்கள், பஸ்ஸிலிருந்து விழுந்தவர்கள், சும்மா நின்ற இடத்திலேயே விழுந்துவிட்டு இன்று வரை காரணம் தெரியாமல் முழிக்கிறவர்கள் என்று எல்லா ரகமும் வருவார்கள். அவர்களுக்கு மறுபடி நிற்கவும் திரும்பவும் நடக்கவும் சொல்லிக்கொடுக்கிறவளுக்கு நீளமான உத்தியோகப் பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லி முடிப்பதற்குள் நோயாளி இன்னொரு தடவை விழுந்துவிடுவார் என்பதால் எல்லாரும் டீச்சர் என்றே கூப்பிட்டார்கள்.

டீச்சருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. ஆள் குள்ளம், குரல் மட்டும் ஆறடி. புதிதாக வருகிறவர்களை முதல் நாள் கூடத்து மூலையில் தொங்கும் பிளாஸ்டிக் எலும்புக்கூட்டின் முன்னால் உட்கார வைப்பாள். அதன் ஒரு கையைத் தூக்கி, இது எந்தக் கை என்று கேட்பாள். பாதிப் பேர் தங்கள் இடது பக்கம் தெரிகிறதே என்று இடது கை என்பார்கள். அங்கேதான் பாடம் ஆரம்பம். உடம்பில் இடது வலது என்றால் அது உடம்புக்குச் சொந்தக்காரருடைய இடது வலது, பார்க்கிறவருடையது இல்லை. முன்பக்கம் என்றால் மார்பு இருக்கிற பக்கம். குப்புறப் படுத்தாலும் மார்பு முன்பக்கம்தான். மூக்கு வழியாகவும் தொப்புள் வழியாகவும் ஒரு கோடு கிழித்தால் அது நடுக்கோடு. அதற்குக் கிட்டே இருப்பது உட்பக்கம், தள்ளி இருப்பது வெளிப்பக்கம். கணுக்காலுக்கு மேலே முழங்கால். தலைகீழாகத் தொங்கினாலும் மேலேதான், அதில் பேரமே கிடையாது என்பாள்.

பிறகு நிற்பதைப் பற்றிச் சொல்வாள். நிற்பது என்பது சும்மா இருப்பது இல்லை. உடம்பு ஒவ்வொரு நொடியும் கொஞ்சம் சாய்ந்து, சாய்ந்ததைச் சரிசெய்துகொண்டே இருக்கிறது. மூன்று இடத்திலிருந்து மூளைக்குச் சேதி போகிறது. கண் பார்த்ததைச் சொல்லும். காதுக்கு உள்ளே வளைவு வளைவாக இருக்கும் நுண்ணிய குழாய்களில் நீர் அசைந்து, தலை எந்தப் பக்கம் திரும்பியது என்று சொல்லும். உள்ளங்காலும் மூட்டுகளும் தரை எப்படி இருக்கிறது என்று சொல்லும். தலைக்குப் பின்புறம் அடியில் உட்கார்ந்திருக்கும் சிறுமூளை மூன்றையும் ஒத்துப்பார்த்து, எந்தத் தசையை இழுப்பது, எதை விடுவது என்று சரிக்கட்டும். மூன்றில் ஒன்று பொய் சொன்னால் தலை சுற்றும். எதை நம்புவது என்று தெரியாமல் போனால் ஆள் கீழே.

பயிற்சி நடக்கும்போது டீச்சர் அவர்களைப் பார்த்தபடி எதிரே நிற்பாள். கண்ணாடியைப் பார்த்துச் செய்வதுபோல அவர்கள் அவளைப் பார்த்துச் செய்ய வேண்டும். அதனால் அவள் தன் இடது காலைத் தூக்கிக்கொண்டு, "வலது கால தூக்குங்க" என்பாள். தன் வலது கையை நீட்டிக்கொண்டு, "இடது கைய நீட்டுங்க" என்பாள். புதிதில் நாக்கு குழறியது. போகப் போகக் கை ஒன்று செய்ய வாய் மற்றதைச் சொல்வது அவளுக்குத் தண்ணி பட்ட பாடாகிவிட்டது. எத்தனையோ வருஷமாக அந்த நாக்கு அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. எதிரே நிற்கிற வரைக்கும் அதில் ஒரு குறையும் இல்லை.

டீச்சருக்கு ஒரு அக்கா. பல வருஷம் மூத்தவள். அப்பா அம்மா சீக்கிரமே போய்விட, அக்காவின் தையல் மெஷின்தான் தங்கையைப் படிக்கவைத்து இந்தக் கூடம் வரை கொண்டுவந்து விட்டது. அக்காவின் கணவரும் இறந்துவிட்டார். ஒரே மகன் வேறு ஊரில் வேலை பார்க்கிறான். மாடி வீட்டில் ஜன்னல் ஓரம் மெஷினைப் போட்டுக்கொண்டு தனியாக இருந்தாள். தனியாக இருக்கிறோமே என்ற கவலை அவளுக்குத் துளியும் இல்லை. அக்கம்பக்கத்தில் யாருக்குத் தோள் ஏறி இறங்கியிருக்கிறது, யாருக்கு ஒரு கை நீளம் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. சட்டையின் கைகளை அளவே பார்க்காமல் எடுத்து, இது வலது, இது இடது என்று மூட்டிவிடுவாள்.

அவளுக்கு வலது இடுப்பு மூட்டைப் போன வருஷம் மாற்றினார்கள். அதன் பிறகு படி இறங்க ஒரு முறை உண்டு. இறங்கும்போது முடியாத கால் முதலில், ஏறும்போது நல்ல கால் முதலில். டீச்சர் தினம் வேலை முடிந்து வந்து அவளை இறக்கிக் கொஞ்சதூரம் நடக்கவைப்பாள். இறங்கும்போது டீச்சர் முன்னால் போய் ஒரு படி கீழே, அக்காவைப் பார்த்தபடி நின்றுகொள்வாள். விழுந்தால் தாங்குவதற்கு அதுதான் சரியான இடம். அக்கா மேல்படியில் நின்று, "எந்தக் கால் முதல்ல, டீச்சரம்மா?" என்று கேலியாகக் கேட்பாள். டீச்சர், "வலது" என்பாள். அக்காவுக்குத் தெரியாமல் இல்லை. கேட்டுவிட்டு இறங்குவது அவளுக்கு ஒரு விளையாட்டு.

அன்றைக்குக் கண் டாக்டரைப் பார்க்கப் போக வேண்டியிருந்தது. கீழே வண்டிக்காரர் ஹாரன் அடித்து உயிரை வாங்கிக்கொண்டிருந்தார். பூட்டு மக்கர் செய்தது. டீச்சர் கதவோடு மல்லுக்கட்ட, அக்கா அதற்குள் படியோரம் போய்விட்டாள். முதுகைக் காட்டியபடியே வழக்கமான கேள்வியைக் கேட்டாள். சாவியைத் திருகிக்கொண்டே அவள் பின்னால் நின்ற டீச்சரின் மனசில் வந்தது வலது கால்தான். டீச்சரின் வலது காலே லேசாக முன்னால் நகர்ந்தது. பழகிய நாக்கு அதைத் திருப்பிப் போட்டு, "இடது" என்றது.

அக்கா ஒரு கணம் தயங்கினாள். பிறகு நல்ல காலை முன்னால் விட்டாள். உடம்பின் பாரம் முழுவதும் முடியாத காலில் இறங்கியது, அந்த முழங்கால் மடங்கியது, டீச்சர் சாவியை விட்டுவிட்டு ஓடுவதற்குள் அக்கா படிகளின் திருப்பத்தில் கிடந்தாள். மாற்றிய மூட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. இடது மணிக்கட்டு முறிந்திருந்தது, நெற்றி புடைத்திருந்தது.

கையில் மாவுக்கட்டுப் போடும்போது அக்கா டாக்டரிடம் சொன்னாள். "இவ மேல ஒரு தப்பும் இல்ல டாக்டர். இவ எப்பவும்போல வலதுன்னுதான் சொன்னா. நான்தான் புத்தி கெட்டு இடத வச்சிட்டேன்." அவள் பொய் சொல்லவில்லை. அடிபட்ட தலையில் அந்த நிமிஷம் கலைந்துபோய், தினமும் கேட்ட வார்த்தை அங்கே வந்து உட்கார்ந்துகொண்டது. டாக்டர் டீச்சரைப் பார்த்து, உங்க வீட்டிலேயே இப்படியா என்று சிரித்தார். டீச்சர் வாயைத் திறந்தாள். ஊருக்கெல்லாம் விழாமல் நடக்கச் சொல்லித்தருகிறவள் சொந்த அக்காவைத் தள்ளிவிட்டாள் என்று நாளைக்கு ஆஸ்பத்திரி முழுக்கப் பேசும். வலி குறையட்டும், வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று வாயை மூடிக்கொண்டாள்.

வலி குறைந்தது. டீச்சர் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் தினமும் படி ஏறுவாள். அக்கா முகத்தைப் பார்த்ததும் வேறு எதையாவது பேசிவிட்டு இறங்குவாள். கூடத்தில் எலும்புக்கூட்டின் கையைத் தூக்கி அந்தக் கேள்வியைக் கேட்கும்போது, அது பல்லைக் காட்டுவது தன்னைப் பார்த்துத்தான் என்று தோன்றியது.

கட்டுப் பிரித்த பிறகு ஒரு சாயங்காலம் அக்கா மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். மடியில் வெட்டி வைத்த இரண்டு சட்டைக் கைகள். ஒன்றைத் திருப்பிப் பார்த்தாள், மற்றதைத் திருப்பிப் பார்த்தாள், மறுபடி முதலாவதை எடுத்தாள். டீச்சர் பையை வைப்பதற்குள் இரண்டையும் அவளிடம் நீட்டினாள். "இதுல எது வலதுன்னு நீயே சொல்லுடி. எனக்கு என் மேல நம்பிக்கை போயிடுச்சு." யாரிடம் கேட்கிறாள் என்று நினைத்தபோது டீச்சருக்கு அழுகை வந்துவிட்டது. தலைவலி என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய் முகத்தைக் கழுவினாள்.

அம்மாவுக்கு இடது வலது குழம்புகிறது என்று கேள்விப்பட்டு அக்காவின் மகன் வந்தான். நல்ல பையன்தான், அம்மா என்றால் உயிர். பயந்துபோயிருந்தான். ஞாபக சக்திக்கு ஒரு டாக்டரிடம் அழைத்துப்போனான். அவர் கடிகாரம் வரையச் சொன்னார், அக்கா அழகாக வரைந்தாள். வலது கையால் இடது காதைத் தொடச் சொன்னார். அக்காவின் இரண்டு கையும் மடியிலேயே கிடந்தன. எந்தக் கையைத் தூக்கினாலும் அது தப்பாக இருக்குமோ என்று பயந்து, டாக்டர் முன்னால் குழந்தை மாதிரி விசும்பிவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த டீச்சர் அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள். இனிமேல் தனியாக விடக்கூடாது என்று மகன் அன்றைக்கே முடிவு செய்துவிட்டான்.

"இடது வலதே தெரியலைன்னா நாளைக்கு அடுப்ப எப்படி சித்தி அணைப்பாங்க? என்கூட வந்து இருக்கட்டும். ரூம் ரெடி பண்ணிட்டேன்" என்றான். மெஷினை யாருக்காவது கொடுத்துவிடலாம், வீட்டை மாதக் கடைசியில் காலி செய்யலாம் என்றான். முன்பெல்லாம் யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் அக்கா கத்தரிக்கோலைக் காட்டி விரட்டியிருப்பாள். இப்போது சரி என்று தலையை ஆட்டினாள். அந்தத் தலையாட்டல் டீச்சரை அறுத்தது. முறிந்த எலும்பு கூடிவிட்டது. தான் முறித்தது வேறு எதையோ என்று அப்போதுதான் அவளுக்கு முழுசாக உறைத்தது.

அங்கேயே, இருவர் முன்னிலையிலும், சொல்லிவிட்டாள். பூட்டு, ஹாரன், தன் வாயில் வந்த வார்த்தை, ஆஸ்பத்திரியில் வாயை மூடிக்கொண்டது என்று ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லி முடித்து, இடி விழட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

இடி விழவில்லை. அக்கா அவள் கையைப் பிடித்துத் தடவிக்கொடுத்தாள். "இவ சின்னதுலேர்ந்தே இப்படித்தான். நான் உடைச்ச கண்ணாடிக்கெல்லாம் இவதான் போய் அடி வாங்குவா" என்று மகனிடம் சொல்லிச் சிரித்தாள். மகனுக்குக் கண் கலங்கிவிட்டது. "அம்மா மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு பழிய உங்க மேல போட்டுக்கறீங்க. உங்க மனசு யாருக்கும் வராது சித்தி" என்றான். டீச்சர் இல்லை இல்லை என்று மறுக்க மறுக்க, அவள் தியாகம் கூடிக்கொண்டே போனது. திட்டு வாங்கப் போனவள் பாராட்டை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினாள். அதைப்போலக் கேவலமான நாள் அவள் வாழ்க்கையில் வந்ததே இல்லை.

மறுநாள் அக்காவைக் கூடத்துக்கு அழைத்துவந்தாள். கிளம்புவதற்கு முன்னால் ஒரு தடவை என் வகுப்பைப் பார்த்துவிட்டுப் போ என்று சொல்லித்தான் கூட்டிவந்தாள். பின்சுவர் ஓரம் ஒரு நாற்காலியில் உட்காரவைத்தாள். அவள் கணக்கு வேறு. இன்றைக்கு எதிரே நிற்காமல் முதுகைக் காட்டிக்கொண்டு, அவர்கள் பார்க்கும் திசையையே பார்த்தபடி சொல்லுவது. நாக்கு தப்புமில்லையா, அதை அக்கா தன் கண்ணாலேயே பார்க்கட்டும். நின்ற இடத்திலேயே செய்யும் பயிற்சிதான், யாருக்கும் ஆபத்து இல்லை.

ஆனால் நாக்கு தப்பவில்லை. தப்ப வேண்டும் என்று அதையே கவனித்துக்கொண்டிருந்ததால் ஒவ்வொரு வார்த்தையும் சுத்தமாக வந்தது. இடது என்றால் இடது, வலது என்றால் வலது. வேண்டுமென்றே தப்பாகச் சொல்லவும் மனசு வரவில்லை. அது இன்னொரு பொய். திரும்பிப் பார்த்தால், எனக்குத் தெரியாதா உன்னைப் பற்றி என்கிற மாதிரி அக்கா பரிதாபப்பட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். டீச்சருக்கு ஆத்திரமாக வந்தது. தேவையில்லாத நேரத்தில் அக்காவை உருட்டிவிட்ட வாய், தேவைப்படும்போது யோக்கியமாகிவிட்டது. கடைசியில் அந்த எண்ணத்தையே விட்டுவிட்டு வழக்கமான வேலையைப் பார்க்கப் போனாள்.

படி இறங்கிப் பழகுவதற்கு அங்கே மரத்தில் செய்த இரண்டு படி உண்டு. வலது கால் முறிந்து தேறிவரும் ரிட்டயரான தபால்காரர் ஒருவர் அதன் மேல் ஏறி நின்றிருந்தார். மேலே போனதும் அவருக்குத் தலை லேசாகச் சுற்றியது. டீச்சர் ஓடிப்போய் அவர் பக்கத்தில் ஏறி, அவர் பார்க்கும் திசையையே பார்த்தபடி, இடுப்பில் கட்டியிருந்த பெல்ட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். கண்ணை எதிரே சுவரில் நிறுத்தச் சொன்னாள், மூச்சை விடச் சொன்னாள். அவர் நிதானத்துக்கு வந்ததும், அவருடைய வலது தொடையைத் தட்டிக்கொண்டே, "மெதுவா, இடது கால கீழ வைங்க" என்றாள்.

"இடது இல்லடி, வலது! அவருக்கு வலதுதான் முடியாத கால்" என்று பின்சுவரிலிருந்து குரல் வந்தது.

அக்கா நாற்காலியை விட்டு எழுந்து நின்றுகொண்டிருந்தாள். தபால்காரர் அந்தரத்தில் விட்ட காலை மறுபடி மேலேயே வைத்துக்கொண்டு, நீங்கள் இரண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள், அதுவரை நான் இங்கேயே நிற்கிறேன் என்றார். கூடமே சிரித்தது. டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை. பெல்ட்டை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவர் வலது காலை வைத்துப் பத்திரமாக இறங்கிய பிறகுதான் திரும்பிப் பார்த்தாள்.

அக்கா சிரிக்கவில்லை. தன் வலது கையைத் தூக்கிப் பார்த்தாள். அதைக் கொண்டுபோய் இடது காதைத் தொட்டாள். பிறகு இடது கையால் வலது காது. தப்பே இல்லை. அவள் முகம் மலர்ந்தது, உடனே கறுத்தது.

வீட்டுக்குப் போகிற வண்டியில் அக்கா ரோட்டைப் பார்த்தபடியே கேட்டாள்.

"கட்டுப் போடறப்ப நான் டாக்டர்கிட்ட சொன்னேனே, அப்பவே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்க்கா."

"நான் அந்த ரெண்டு கையையும் உன்கிட்ட நீட்டிக் கேட்டேனே, அப்ப?"

"அப்பவும்தான்க்கா."

"வாய் தவறினது போகட்டும். யாருக்கும் தவறும்" என்றாள் அக்கா. "அன்னிக்கு நீ இடதுன்னதும் என் கால் வேணாம்னு சொல்லுச்சு. இப்ப ஞாபகம் வருது. கால் சொன்னத விட்டுட்டு நான் உன்னத்தான் நம்பினேன். அப்புறமும் உன்னத்தான் நம்பினேன். எனக்குப் பைத்தியம் பிடிச்சிடுச்சுன்னு நான் அழுதப்போ, பக்கத்துல உக்காந்து என் கண்ணத் தொடச்சிவிட்டே பாரு, அதத்தான் என்னால தாங்க முடியல."

டீச்சர் அழுதாள். அக்கா அவளைச் சமாதானப்படுத்தவில்லை. பிறந்ததிலிருந்து டீச்சர் அழுது அக்கா சும்மா இருந்தது அதுதான் முதல் தடவை.

அக்கா வண்டியில் இருந்தபடியே மகனுக்குப் போன் போட்டாள். நான் எங்கேயும் வரவில்லை, என் புத்தி நன்றாகத்தான் இருக்கிறது, மெஷினைத் தொட்டால் கையை உடைப்பேன் என்றாள். அவன் ஏதோ கேட்டான். சித்தி சொன்னது நிஜம்தான் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். டீச்சருக்கு நெஞ்சில் கிடந்த பாறை உருண்டிருக்க வேண்டும். உருளவில்லை. அக்கா தப்பித்துவிட்டாள் என்ற சந்தோஷம் ஒரு பக்கம் இருந்தது. தான் தப்பிக்கவில்லை என்பதும் இருந்தது.

வீட்டு வாசலில் டீச்சர் இறங்கிக் கையை நீட்டினாள். அக்கா அந்தக் கையைப் பிடிக்காமல் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். நல்ல காலை முதல் படியில் வைத்து, முடியாத காலை இழுத்துச் சேர்த்து, ஒவ்வொரு படியாக ஏறினாள். டீச்சர் ஒரு படி கீழே, இரண்டு கையையும் விரித்தபடி, மூச்சுக்கூடக் கேட்காமல் பின்னாலேயே போனாள். திருப்பத்தில் அக்கா நின்று மூச்சு வாங்கினாள். டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அக்கா திரும்பாமலே வேண்டாம் என்று கையை உயர்த்தினாள்.

மேலே போய்க் கதவைத் திறந்துகொண்டு உள்ளே ஒரு காலை வைத்த பிறகுதான் தங்கையின் முகத்தைப் பார்த்தாள்.

"நாளைக்கு வராத. நான் கூப்பிடறப்ப வா."

"படி இறங்க யாரு?" என்றாள் டீச்சர்.

"நானே இறங்கிக்குவேன். எனக்குத் தெரியும்."

கதவு சாத்திக்கொண்டது. மறுநாள் சாயங்காலம் வேலை முடிந்ததும் டீச்சர் பழக்கத்தில் அந்தத் தெரு முனை வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிப் போனாள். அதற்கு அடுத்த நாளும் அப்படித்தான். அக்கா தானே இறங்கிக் கடைக்குப் போய்வருகிறாள் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சொல்லித் தெரிந்துகொண்டாள். போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தாள். அக்கா கூப்பிட மழைக்காலம் முழுசாக முடிய வேண்டியிருந்தது.